செல்லப் பாம்பின் பெட்டிக்குள் எதை விரிப்பது?

நயினாதீவுக்குப் போய் நாகபூசணி அம்மனைக் கும்பிட்டு வருகிற நம் ஊர்ச் சனத்திடம், ரொறன்ரோவில் பேரன் பாம்பை அறைக்குள் வைத்து வளர்க்கிறான் என்று சொல்லிப் பாருங்கள். அரை நாள் பேச்சு ஓயாது. ஆனால் அங்கே அது சாதாரணம். பிள்ளைகள் அதிகம் வளர்ப்பது கோர்ன் ஸ்னேக், போல் பைத்தன் இரண்டும்தான். இரண்டுக்கும் விஷமில்லை. புதிதாக வாங்குகிறவர்கள் கண்ணாடிப் பெட்டி, சூடாக்கி எல்லாம் பார்த்துப் பார்த்து வாங்கிவிட்டு, அடியில் போடும் விரிப்பில்தான் கோட்டை விடுகிறார்கள்.

யாழ்ப்பாணத்தில் இருந்து வாசிப்பவர்களுக்கு ஒன்று: வளவுக்குள் வந்த சாரையைப் பிடித்துப் பழக்கிப் பார்க்க வேண்டாம். இங்கே வனவிலங்குச் சட்டம் இருக்கிறது. வெளிநாட்டுப் பாம்பை இறக்குவதற்கும் அனுமதி வேண்டும்.

1. பாம்பின் சொந்த ஊரைப் பாருங்கள்

கோர்ன் ஸ்னேக் அமெரிக்காவின் தென்கிழக்குப் பக்கத்தது. அதற்குக் காற்றில் 40 முதல் 60 வீதம் ஈரப்பதம் போதும். போல் பைத்தன் மேற்கு, மத்திய ஆபிரிக்காவில் எலி வளைகளுக்குள்ளும் கறையான் புற்றுகளுக்குள்ளும் பதுங்குவது. அதற்கு 60க்கு மேல் வேண்டும். ஆகவே ஒன்றுக்குப் போடும் விரிப்பு மற்றதற்கும் சரிவரும் என்றில்லை. கடைக்காரர் 'எல்லாப் பாம்புக்கும் நல்லது' என்று நீட்டினால் வாங்காதீர்கள்.

2. முதல் சில வாரம் வெறும் பேப்பர்

பழைய பத்திரிகை, இல்லாவிட்டால் சமையலறைப் பேப்பர் சுருள். பார்க்க அழகில்லை என்று பிள்ளைகள் முகம் சுழிப்பார்கள், விடுங்கள். புதுப் பாம்பின் கழிவு எப்படி இருக்கிறது, உடம்பில் உண்ணி இருக்கிறதா என்பதெல்லாம் வெள்ளைப் பேப்பரில்தான் உடனே தெரியும். உண்ணி என்பது நகரும் சின்னக் கறுப்புப் புள்ளி. தண்ணீர்க் கிண்ணத்திலும் செத்து மிதக்கும். பேப்பருக்குள் பாம்பு புதைய முடியாது, அதனால் சூடான பக்கம் ஒன்று, குளிர்ந்த பக்கம் ஒன்றாக இரண்டு ஒளிவிடம் வையுங்கள்.

3. அப்புறம் நிரந்தர விரிப்பு

கோர்ன் ஸ்னேக்குக்கு அஸ்பென் மரச்சீவல். 5 முதல் 8 சென்ரிமீற்றர் தடிப்பில் போட்டால் உள்ளே வளை தோண்டி ஒளியும். நனைந்தால் பூஞ்சணம் பிடிக்கும், அதனால் போல் பைத்தனுக்கு இது ஆகாது.

போல் பைத்தனுக்கு நம்முடைய தும்புத்தூளே நல்லது. அங்கே கடைகளில் அழுத்திய கட்டியாக விற்பார்கள். லேபிளைத் திருப்பிப் பாருங்கள், இலங்கையிலிருந்து போனதாகவும் இருக்கலாம். உரம் கலந்த தோட்டக் கட்டியை எடுக்காமல், ஊர்வனவுக்கென்று விற்பதை எடுங்கள். வாளியில் போட்டு இளஞ்சூட்டுத் தண்ணீர் விட்டால் பல மடங்கு பொங்கி வரும். கையால் உதிர்த்து, அள்ளிப் பிழியுங்கள். தண்ணீர் சொட்டக்கூடாது. புட்டுக்குக் குழைத்த மா போல, பிடித்தால் பிடிபட்டு, தட்டினால் உதிர வேண்டும்.

இங்கேதான் பலர் அவசரப்படுகிறார்கள். ஈரம் குறைகிறது என்று மேலே மேலே தண்ணீர் தெளிப்பார்கள். பாம்பு நாள் முழுக்க வயிற்றால் ஈரத்தில் கிடந்தால் செதில் அழுகும்: வயிற்றுச் செதில் சிவந்து, பழுப்பாகி, கொப்புளம் போடும். தண்ணீரைப் பெட்டியின் மூலைகளில் ஊற்றுங்கள். அடி ஈரமாக, மேற்பரப்பு காய்ந்து இருக்கட்டும். முற்றாகக் காயவும் விடாதீர்கள், தூசி பறந்து மூக்கில் ஒட்டும். ரொறன்ரோ மாரியில் வீட்டு ஹீற்றர் காற்றை உலர்த்திவிடும், யாழ்ப்பாணத்து மாரியில் சுவரே வியர்க்கும். அதனால் கை மதிப்பை நம்பாமல் டிஜிட்டல் ஈரப்பதமானி ஒன்றைப் பெட்டிக்குள் வையுங்கள்.

4. கிட்டவும் எடுக்கக் கூடாதவை

சீடர் மரச்சீவல் மணக்கும். அந்த மணத்தைத் தரும் எண்ணெய்தான் பாம்பின் மூச்சுக்கும் ஈரலுக்கும் கேடு. பதப்படுத்தாத பைன் சீவலையும் தவிருங்கள். மணல் இரையோடு வயிற்றுக்குள் போய் அடைக்கலாம். பூனைக்குப் போடும் மண்ணும் வேண்டாம். மரக்காலையில் சும்மா கிடைக்கிற மரத்தூளில் என்ன மரம், என்ன மருந்து பூசியது என்று யாருக்கும் தெரியாது. சும்மா கிடைத்தாலும் வேண்டாம்.

5. துப்புரவு

கழிவைக் கண்ட அன்றே, சுற்றியுள்ள விரிப்போடு அள்ளிப் போடுங்கள். மாதத்துக்கு ஒருமுறை போல முழுவதையும் மாற்றி, பெட்டியைக் கழுவிக் காயவிடுங்கள். இரையை விரிப்பின் மேல் போடாமல் தட்டில் வைத்தோ இடுக்கியால் பிடித்தோ கொடுத்தால், சீவலும் தூளும் வாய்க்குள் போகாது.

உண்ணியோ கொப்புளமோ கண்டால் விரிப்பை முழுக்க வெளியே கொட்டிவிட்டு மறுபடி பேப்பருக்கு வாருங்கள், பாம்பை ஊர்வன பார்க்கும் மிருக வைத்தியரிடம் காட்டுங்கள். வாயைத் திறந்து மூச்சு விட்டாலோ மூக்கில் நுரை கட்டினாலோ அடுத்த நாள் வரை பொறுக்க வேண்டாம்.