லேசரில் அக்ரிலிக் கீ செயின்: துளையில் தொடங்குங்கள்

அக்ரிலிக் கீ செயின் பெரும்பாலும் உடைவது ஒரே இடத்தில்தான்: வளையம் மாட்டும் துளையின் ஓரத்தில். அதனால் படம் வரையும் முன்பே துளைக்கு இடம் ஒதுக்கிவிடுங்கள். 3 மி.மீ. தடிமன் தகட்டுக்குத் துளையின் விட்டம் 4 மி.மீ. இருக்கட்டும். துளையின் ஓரத்துக்கும் வெளி விளிம்புக்கும் நடுவே குறைந்தது 3 மி.மீ. வேண்டும். இதைக் குறைத்தால் வடிவம் நளினமாகத் தெரியும். ஆனால் சாவிக்கொத்து தரையில் விழும்போது துளையைச் சுற்றியுள்ள அந்தக் காது தெறித்துவிடும். உள்மூலைகளையும் கூராக விடாமல் 1 மி.மீ. ஆரத்துக்கு வளைத்துவிடுங்கள். விரிசல் கூர்மூலையில்தான் கிளம்பும்.

தகட்டில் இரண்டு வகை உண்டு. வார்த்துச் செய்வது காஸ்ட். உருக்கிப் பிதுக்கிச் செய்வது எக்ஸ்ட்ரூடட். பொறித்த எழுத்து பனி படர்ந்தாற்போல் வெள்ளையாகத் தெரிய வேண்டுமானால் காஸ்ட்தான் வாங்க வேண்டும். எக்ஸ்ட்ரூடட் தகடு நன்றாகவே வெட்டுப்படும், ஆனால் பொறித்த இடம் சரியாக வெளுக்காது, எழுத்து எடுபடாது.

பெயர் தெரியாத பிளாஸ்டிக்கை மட்டும் எந்திரத்தில் வைக்கவே வைக்காதீர்கள். பி.வி.சி. என்றால் ஹைட்ரஜன் குளோரைடு வாயு வரும். நுரையீரலையும் கெடுக்கும், எந்திரத்தின் உலோகப் பாகங்களையும் அரிக்கும். சந்தேகம் வந்தால் செம்புக் கம்பியைப் பழுக்கக் காய்ச்சித் துண்டின் மேல் தொட்டு, காற்றோட்டமான இடத்தில் மறுபடி சுடரில் காட்டுங்கள். சுடர் பச்சையானால் அதில் குளோரின் இருக்கலாம், ஒதுக்கிவிடுங்கள். பாலிகார்பனேட் கண்ணுக்கு அக்ரிலிக் போலவே இருக்கும். வெட்டினால் பழுப்பேறிக் கருகும்.

எந்திரம் கார்பன் டை ஆக்சைடு லேசராக இருந்தால் எந்த நிற அக்ரிலிக்கும் வெட்டுப்படும். நீல ஒளி டையோடு லேசரின் கதிர் தெளிந்த அக்ரிலிக்கை ஊடுருவிப் போய்விடும். அதில் கறுப்புத் தகடு எடுங்கள்.

தமிழ்ப் பெயர் வெட்டுவதில் தனிச் சிக்கல் ஒன்று உண்டு. எழுத்தின் உருவத்தையே வெட்டினால் மெய்யெழுத்தின் புள்ளி தனியாக உதிர்ந்துவிடும், துணைக்காலும் ஒட்டாமல் நிற்கும். இங்க்ஸ்கேப் என்ற வரைகலை மென்பொருளில் பெயரைத் தட்டி, எழுத்தைப் பாதையாக (path, அதாவது வெறும் கோட்டுருவாக) மாற்றி, அதைச் சுற்றி 3 மி.மீ. தள்ளி ஒரே வெளிக்கோடு போடுங்கள். எழுத்து பொறிக்கப்படும், வெளிக்கோடு மட்டும் வெட்டப்படும். பாதையாக மாற்றாமல் கோப்பை வேறு மென்பொருளுக்குக் கொண்டுபோனால் கொம்பும் காலும் இடம் மாறிப்போகக்கூடும்.

வேலை வரிசை: முதலில் பொறிப்பு, அடுத்து துளை, கடைசியாக வெளிக்கோடு. வெளிக்கோட்டை முதலில் வெட்டினால் துண்டு லேசாகச் சாய்ந்துவிடும். பிறகு பொறிப்பும் துளையும் நகர்ந்துதான் விழும்.

40 வாட் கார்பன் டை ஆக்சைடு எந்திரத்தில் 3 மி.மீ. தகட்டை வெட்ட, நொடிக்கு 8 மி.மீ. வேகம், 60 சதவீத சக்தி என்று தொடங்கலாம். பொறிக்க 250 மி.மீ. வேகம், 15 முதல் 20 சதவீதம். லேசர் குழாயின் வயதும் லென்ஸின் அழுக்கும் இந்த எண்களை மாற்றிவிடும். ஆகவே கழிவுத் துண்டில் 10 மி.மீ. சதுரங்களை வெவ்வேறு வேகத்தில் வெட்டிப் பாருங்கள். தட்டாமலே விழும் வேகங்களில் மிக அதிகமானதே உங்களுக்கான வேகம். வெட்டும்போது வெட்டுமிடத்தில் எந்திரம் ஊதும் காற்றைக் குறைத்து வைத்தால் விளிம்பு மெருகேறிப் பளபளக்கும், கூட்டினால் மங்கிவிடும். ஆனால் காற்றை அடியோடு நிறுத்தினால் தகடு தீப்பிடிக்கக்கூடும். புகை வெளியே போக விசிறி ஓட வேண்டும், மூடி மூடியிருக்க வேண்டும், தீயணைப்பான் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். எந்திரம் ஓடும்போது ஒரு நிமிடம்கூட விட்டு நகராதீர்கள்.

தகட்டின் அடிப்பக்கம் ஒட்டியிருக்கும் பாதுகாப்புக் காகிதத்தை உரிக்காதீர்கள். தேன்கூட்டுத் தளத்தில் பட்டுத் திரும்பும் கதிர் பின்பக்கம் புள்ளி புள்ளியாகத் தழும்பு போடும். காகிதம் அதைத் தாங்கிக்கொள்ளும். மேலே ஒட்டியிருப்பது பிளாஸ்டிக் உறையானால் உரித்துவிடுங்கள், உருகி ஒட்டும். மேல்பக்கமும் காகிதமானால் இருக்கட்டும்: அதோடு பொறித்து, பள்ளத்தில் அக்ரிலிக் வண்ணம் பூசி, காய்ந்தபின் உரித்தால் எழுத்தில் மட்டும் நிறம் நிற்கும்.

வெட்டிய துண்டை ஆல்கஹால் தொட்டுத் துடைப்பது பலரும் செய்யும் தவறு. வெட்டின் சூட்டால் விளிம்பில் இறுக்கம் தங்கியிருக்கும். ஆல்கஹால் பட்டதும் அங்கே மயிரிழை விரிசல்கள் ஓடும், சில சமயம் மறுநாள்தான் தெரியும். மிதமான சோப்பு நீரும் மென்துணியும் போதும்.

கடைசியாக வளையம். 8 மி.மீ. சிறு வளையத்தை இரண்டு குறடுகளால் பிடித்து, ஒரு முனையை முன்னும் மறுமுனையைப் பின்னுமாகத் திருகித் திறங்கள். பக்கவாட்டில் இழுத்து விரித்தால் வட்டம் குலைந்து வாய் சரியாக மூடாது. அதைத் துளையில் கோத்து, 25 மி.மீ. சாவி வளையத்தையும் மாட்டி, அதே வழியில் திருகி மூடுங்கள். வாயில் நகம் நுழையும் இடைவெளி இருந்தால் இன்னொரு முறை அழுத்துங்கள்.