பயிற்சி முகாமில் நோயால் இறந்த படைவீரருக்கு நினைவு செய்வது எப்படி

தென்னாப்பிரிக்காவின் நேட்டால் பகுதித் தமிழ்க் குடும்பங்கள் சிலவற்றில், இரண்டாம் உலகப் போரின்போது படையில் சேர்ந்து, கடல் தாண்டும் முன்பே முகாமில் நிமோனியாவாலோ வேறு காய்ச்சலாலோ இறந்துபோன ஒரு சின்னத் தாத்தாவைப் பற்றிப் பெரியவர்கள் தாழ்ந்த குரலிலேயே பேசுவார்கள். சண்டைக்கே போகாதவரைப் போர்வீரர் என்று சொல்லலாமா என்ற கூச்சம்தான் அதற்குக் காரணம். அந்தக் கூச்சம் தேவையில்லை. போரில் இறந்த படைவீரர்களின் கல்லறைகளைப் பேணும் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையம் 1939 செப்டம்பர் 3 முதல் 1947 டிசம்பர் 31 வரை படைப்பணியில் இருக்கும்போதே இறந்தவரை, இறப்புக்குக் காரணம் எதுவானாலும், போரில் இறந்தவராகவே கணக்கில் சேர்க்கிறது. அது நிறுவும் கல்லில் இறப்பின் காரணம் பொறிக்கப்படுவதும் இல்லை.

முதலில் பெயரைத் தேடுங்கள். பெரும்பாலும் தேடல் தடுக்கி விழுவது இங்கேதான். ஆணையத்தின் இணையப் பட்டியலில் முனுசாமி 'மூன்சாமி' என்றும், குப்புசாமி 'கூப்பூசாமி' என்றும், சுப்பிரமணி 'சூப்ரமனி' என்றும் இருக்கக்கூடும். தகப்பனார் பெயரே குடும்பப் பெயராக ஏறியிருக்கலாம் என்பதால், அந்தப் பெயரிலும், நாயுடு, பிள்ளை, கவுண்டர் போன்ற பட்டப்பெயர்களை ஆங்கிலத்தில் எழுதும் எல்லா வகைகளிலும் தேட வேண்டும். வீட்டில் பழைய கடிதமோ ஊதியத் தாளோ இருந்தால் அதிலுள்ள படை எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள்; எழுத்துப்பிழை எண்ணை அவ்வளவாகத் தொடுவதில்லை.

அடுத்து ஆவணம். படைப்பணிப் பதிவுக்குப் பிரிட்டோரியாவிலுள்ள பாதுகாப்புத் துறை ஆவண மையத்துக்கும், இறப்பு அறிவிப்புக்குப் பீட்டர்மாரிட்ஸ்பர்க் ஆவணக் காப்பகத்துக்கும் எழுதலாம். அவர் சேர்ந்தது 1940-இல் அமைக்கப்பட்ட இந்திய மலாய்ப் படைப்பிரிவாக இருந்தால், அதில் வெள்ளையரல்லாதோருக்குப் போராயுதம் தரப்படவில்லை என்பதை நினைவில் வையுங்கள். லாரி ஓட்டுவதும் காயம்பட்டோரைத் தூக்கிச் சுமப்பதுமே அவர்களுக்குக் கிடைத்த வேலைகளில் அடங்கும். ஆகவே துப்பாக்கி ஏந்திய வீரராக அவரைச் சித்திரிப்பது அவருடைய வரலாற்றை அழிப்பதாகிவிடும். பட்டியலில் பெயர் விடுபட்டிருந்தால், பணியையும் இறந்த நாளையும் காட்டும் சான்றுகளோடு ஆணையத்துக்கே விண்ணப்பிக்கலாம்.

வீட்டு நினைவுப் பலகையில் 'வீரமரணம்' என்று எழுதுவதை நான் ஏற்கமாட்டேன். பெயர், படை எண், முகாம், நோய், நாள், வயது ஆகியவற்றை உள்ளது உள்ளபடியே எழுதுங்கள். இருபது வயதில் காய்ச்சலில் போனவர் என்ற செய்தியே போதுமான கனமுடையது.

ஆங்கில நாள் கிடைத்துவிட்டால், பஞ்சாங்கத்தைப் பார்த்து அதற்குரிய மாதத்தையும் திதியையும் கோயில் ஐயரிடம் கணித்து வாங்கி, ஆண்டுதோறும் அன்று படையல் வையுங்கள். நாள் கிடைக்காதவர்கள் புரட்டாசியில் வரும் மகாளய அமாவாசையன்று காமாட்சி விளக்கேற்றி, அதுவரை வீட்டில் யாரும் உரக்கச் சொல்லாத அந்தப் பெயரை, மற்ற முன்னோர்களின் பெயர்களோடு சேர்த்துச் சொல்லலாம்.