பழைய ஸ்போர்ட்ஸ் வாட்ச்: பணம் கொடுக்கும் முன் செய்ய வேண்டிய சோதனைகள்

ரோலெக்ஸ் சப்மரினர், ஒமேகா ஸ்பீட்மாஸ்டர், ஓட்மார் பிகே ராயல் ஓக் மாதிரியான வாட்சுகளை ஏற்கெனவே ஒருவர் கட்டிய நிலையில் வாங்கப் போகிறவர்களுக்கான பதிவு இது. எந்த மாடல் என்று முடிவு செய்து, விற்பவரையும் பிடித்துவிட்டீர்கள் என்று வைத்துக்கொள்கிறேன். வாட்ச் கைக்கு வந்த பிறகு என்ன பார்ப்பது என்பதுதான் விஷயம்.

தேவையானவை: 10 மடங்கு பெரிதாக்கும் லூப், டைம்கிராஃபர் (டிக் சத்தத்தைக் கேட்டு வாட்சின் ஓட்டத்தை அளக்கும் கருவி), சின்னதாக ஒரு திசைகாட்டி. டைம்கிராஃபருக்குப் பதில் மொபைல் ஆப் போதுமா என்றால், என்னைப் பொறுத்தவரை போதாது. வாட்ச் முந்துகிறதா பிந்துகிறதா என்பதை ஆப் ஓரளவு சொல்லிவிடும்; ஆம்ப்ளிட்யூடில் (உள்ளே ஆடும் சக்கரத்தின் வீச்சு; 3-ஆவது படியில் வருகிறது) அதை நம்ப முடியாது. வெயிஷி 1000 போன்ற எளிய கருவியே தாராளம்.

1. எண்கள்

பழைய ரோலெக்ஸில் செயினைக் கழற்றினால், 6 மணிப் பக்கம் லக்குகளுக்கு (செயினைப் பிடிக்கும் கொம்புகளுக்கு) நடுவில் சீரியல் எண்ணும், 12 மணிப் பக்கம் மாடல் எண்ணும் இருக்கும். புதியவற்றில் சீரியல் எண் டயலைச் சுற்றியுள்ள உள்வளையத்தில் இருக்கும். வாரண்டி கார்டில் இருப்பதும் இதுவும் ஒன்றாக இருக்க வேண்டும். 2010 வாக்கில் ரோலெக்ஸ் வரிசையில்லாத எண்களுக்கு மாறிவிட்டதால், அதற்குப் பிறகு வந்த வாட்சுகளில் எண்ணை வைத்து வருடம் சொல்ல முடியாது.

2. கேஸ்

கேஸ் என்பது வாட்சின் உலோக உடல். அதில் கீறலைப் பார்த்துப் பயப்படாதீர்கள். பளபளவென்று இருந்தால்தான் உற்றுப் பார்க்க வேண்டும். ஜெரால்ட் ஜென்டா வடிவமைத்து 1972-இல் வந்த ராயல் ஓக்கின் அழகே, கோடு கோடாக இழைத்த பரப்பும் கண்ணாடி போன்ற சாய்வு விளிம்பும் கத்தி மாதிரி கூர்மையாகச் சந்திப்பதில்தான் இருக்கிறது. ஒருமுறை அலட்சியமாக பாலிஷ் போட்டால் அந்தக் கூர்மை மழுங்கிவிடும். லூப்பை எடுத்து நான்கு மூலைகளிலும் அந்தச் சாய்வின் அகலத்தை ஒப்பிடுங்கள். ஒரு மூலையில் அகலமாகவும் இன்னொன்றில் நூலாகவும் இருந்தால், அதற்கேற்ப விலையைக் குறைத்துக் கேளுங்கள். நான் கீறல் உள்ள, பாலிஷ் படாத கேஸைத்தான் எடுப்பேன்.

3. டைம்கிராஃபர்

எனக்குப் பிடிபட அதிக நாள் எடுத்தது இந்தப் படிதான். அதனால் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

முதலில் வாட்சுக்கு முழுதாகச் சாவி கொடுங்கள். பெரும்பாலானவற்றுக்குக் கையால் 40 சுற்று போதும். பாதி சாவியில் ஆம்ப்ளிட்யூட் குறைந்துதான் வரும், நல்ல வாட்சையும் தள்ளிவிடுவீர்கள். அப்புறம் டயல் மேலே பார்க்க, கருவியின் மைக்கில் வைத்து ஒரு நிமிடம் விடுங்கள்.

திரையில் முதலில் தெரிவது, ஒரு நாளைக்கு எத்தனை நொடி முந்துகிறது அல்லது பிந்துகிறது என்ற கணக்கு. காஸ்க் (சுவிஸ் கடிகாரத் துல்லியச் சோதனை அமைப்பு) சான்று பெற்ற இயந்திரத்துக்கு −4 முதல் +6 வரை அனுமதி. ஆனால் இதை மட்டும் பார்த்துத் திருப்தியடைய வேண்டாம். வேகத்தை யாரும் திருகிச் சரிசெய்துவிடலாம். ஆம்ப்ளிட்யூட், அதாவது பேலன்ஸ் சக்கரம் எத்தனை டிகிரி வீசி ஆடுகிறது என்பதை அப்படி மறைக்க முடியாது. எண்ணெய் காய்ந்தால் அது இறங்கத்தான் செய்யும். 270 முதல் 300 வரை இருந்தால் நிம்மதி. 220 என்றால் சர்வீஸ் செலவையும் விலையில் சேர்த்துப் பேசுங்கள்.

இங்கேதான் சிக்கல். கருவி சக்கரத்தைப் பார்ப்பதில்லை. டிக் சத்தத்தைக் கேட்டு, நீங்கள் கொடுக்கும் லிஃப்ட் ஆங்கிளை (ஒவ்வொரு டிக்கின்போதும் சக்கரம் உந்து வாங்கும் கோணம்; இயந்திரத்துக்கு இயந்திரம் மாறும்) வைத்துக் கணக்குப் போடுகிறது. கருவியை வாங்கும்போதே அது 52 என்று இருக்கும். ரோலெக்ஸின் 3135 இயந்திரத்துக்கு அது சரி. ஒமேகாவின் கோ-ஆக்சியல் 8500-க்கோ 38 வேண்டும். 52-லேயே விட்டால் திரையில் 300 என்று அருமையாகக் காட்டும். 38-க்கு மாற்றினால் அதே வாட்ச் 220-க்கு இறங்கும். எனவே இயந்திரத்தின் எண்ணைக் கேட்டு, அதற்கான லிஃப்ட் ஆங்கிளைத் தேடி வைத்துக்கொண்டு போங்கள்.

சரி, அடுத்து சாவிக் குமிழ் கீழே பார்க்கும்படி நிறுத்தி இன்னொரு முறை அளந்து பாருங்கள். ஆம்ப்ளிட்யூட் கொஞ்சம் குறைவது இயல்பு. 60, 70 டிகிரி விழுந்தால் காரணம் கேளுங்கள். பீட் எரர், அதாவது டிக்குக்கும் டாக்குக்கும் உள்ள கால வித்தியாசம், 1 மில்லி நொடிக்குள் இருந்தால் போதும்.

4. தண்ணீர்

கேஸில் 300 மீட்டர் என்று பொறித்திருந்தாலும், உள்ளே இருக்கும் ரப்பர் வளையம் கெட்டிருந்தால் அதற்கு மதிப்பில்லை. பிரஷர் டெஸ்ட் செய்யும்வரை தண்ணீரில் இறக்க வேண்டாம்.

பின்சேர்க்கை: ஒரு நாளைக்கு நிமிடக் கணக்கில் முந்துகிறதே என்று சிலர் கேட்டிருந்தார்கள். திசைகாட்டியின் பக்கத்தில் வாட்சைக் கொண்டுபோங்கள். முள் அசைந்தால் காந்தம் ஏறியிருக்கிறது. அதனால் ஹேர்ஸ்பிரிங்கின் (பேலன்ஸ் சக்கரத்தை ஆட்டும் நுண்ணிய சுருள்) சுற்றுகள் ஒட்டிக்கொண்டு வேகம் கூடும். காந்தம் நீக்கிய பிறகு மறுபடி அளந்து பாருங்கள், அதுவரை சர்வீஸ் என்று முடிவு கட்ட வேண்டாம்.

இன்னொன்றும் கேட்டார்கள்: திருகு வைத்த சாவிக் குமிழ் சிக்கிக்கொள்கிறது என்று. அழுத்தித் திருகாதீர்கள். மெல்ல அழுத்தியபடி முதலில் எதிர்ப்பக்கம் சுற்றுங்கள், மரை உட்காரும்போது லேசாக ஒரு தட்டு தெரியும். அதன் பிறகு முன்னோக்கித் திருகுங்கள். அப்போதும் வழுக்கினால் மரை தேய்ந்துவிட்டது; குமிழும் குழாயும் மாற்ற வேண்டியிருக்கும்.