காணாமல் போன பள்ளிக்கூட மணி: அரை மணி நேரத் துப்பறியும் நகைச்சுவை நாடகம் எழுத

ஆண்டு விழாவுக்குத் துப்பறியும் நாடகம் என்றதும் பலரும் கொலையில்தான் ஆரம்பிக்கிறார்கள். பிணம் விழுந்தால் போலீஸ் வந்தாக வேண்டும். அதற்கப்புறம் வாத்தியார்களுக்கு என்ன வேலை? ஸ்டேஷனில் புகார் கொடுக்கவே கூச்சப்படும்படியான பொருள் தொலையட்டும். மணியாக அடிக்கும் தண்டவாளத் துண்டு அருமையான தேர்வு. அது இல்லாவிட்டால் கணக்குப் பீரியட் முடியவே முடியாது. முதல் சிரிப்பு அங்கேயே கிடைத்துவிடும்.

துப்பறியும் இரண்டு ஆசிரியர்களில் ஒருவரைக் கெட்டிக்காரர், இன்னொருவரை அசடு என்று பிரிக்காதீர்கள். அசடு வாய் திறக்கும்போதெல்லாம் கதை நின்றுவிடும். இருவரும் பாடம் நடத்துகிற மாதிரியே துப்புத் துலக்கட்டும். கணக்கு டீச்சர் அளப்பார். 52 கிலோ ரகத் தண்டவாளம் மீட்டருக்கு ஏறக்குறைய 52 கிலோ, 45 செ.மீ. துண்டு 23 கிலோவைத் தாண்டும். தமிழய்யா எழுத்தைப் பார்ப்பார். கரும்பலகையில் ‘மனியைத் தேடாதீங்க’ என்று யாரோ எழுதியிருக்கிறார்கள். ஐயாவுக்குக் கை சும்மா இருக்குமா? சாக்பீஸை எடுத்து ‘ன’வை ‘ண’ ஆக்கிவிடுகிறார். இருந்த ஒரே தடயமும் போச்சு! எழுத்து ஒரு சாண் உயரம் இருக்கட்டும். கடைசி வரிசைக்கும் தெரியும்.

“எட்டாம் வகுப்புல நான் நூறு தடவை எழுத வெச்ச பிழை டீச்சர் இது.”

“எட்டாம் வகுப்புப் பையன் இருபத்து மூணு கிலோவை எப்படிங்கய்யா தூக்குவான்?”

நாடகத்தின் முதுகெலும்பு இந்த இரண்டு வரிதான். எழுத்தை மட்டும் நம்பினால் பையன் மாட்டுவான். எடையை மட்டும் பார்த்தால் ஊரில் பாதிப் பேர் மாட்டுவார்கள். இரண்டையும் சேர்த்தால்தான் ஐயாவிடம் படித்து, வளர்ந்து, இப்போது அங்கேயே வேலை பார்க்கும் பியூன் கிடைப்பார். தனித்தனியாக இருவரும் ஒருமுறை தவறான ஆளைப் பிடிக்கட்டும். இரண்டாம் காட்சி முழுக்க அதற்கே போகலாம்.

திருட்டுக்குக் காரணம் பேராசையாக இருந்தால் சிரிப்பு கசந்துவிடும். தொங்கவிடும் துளை தேய்ந்து, பிள்ளைகள் தலையில் விழுந்துவிடுமோ என்று பயந்து, கேட்டால் அனுமதி கிடைக்காது என்று பியூனே இறக்கிச் சத்துணவுக்கூட விறகுக்குப் பின்னால் ஒளித்து வைத்திருக்கிறார். முன்கூட்டியே இதற்கு விதை போடுங்கள்: திரை திறந்ததும் மணி அடிக்கும்போது அவர் இரண்டு முறை அண்ணாந்து பார்க்க வேண்டும். வசனம் கூடாது. பார்வையாளர் கண்ணில் படாத துப்பைக் கடைசியில் நீட்டினால் ஏமாற்றியதாகத்தான் நினைப்பார்கள்.

பியூன் தோளில் துருக்கறை இன்னொரு துப்பு. காக்கிச் சட்டையில் அது தெரியாது. வெள்ளைச் சட்டை போடுங்கள். காவிப் பொடியைத் தண்ணீரில் குழைத்து உள்ளங்கை அகலத்துக்குத் தடவி, நன்றாகக் காயவைத்த பிறகு அணியச் சொல்லுங்கள். ஈரமாக இருந்தால் தொட்டவர் வேட்டியிலெல்லாம் ஒட்டி, எல்லோரும் திருடர்களாகிவிடுவார்கள்.

மேடையில் நிஜத் தண்டவாளத்தைத் தொங்கவிடவே வேண்டாம். தெர்மாகோலை வெட்டிப் பழுப்பு வண்ணம் அடித்தால் போதும். ஒலிக்கு, பக்கவாட்டுத் திரைக்குப் பின்னால் ஒருவர் இரும்புத் துண்டை அடிக்கட்டும். மேடையில் மணி அடிக்கிற நடிகரின் கை, திரைக்குப் பின்னால் இருப்பவர் கண்ணுக்குத் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் கை ஓங்குவதற்கு முன்பே சத்தம் வந்து, சோகக் கட்டத்திலும் சிரிப்பார்கள்.

30 நிமிடம் கொடுத்திருந்தால், வாய்விட்டுப் படிக்க 24 நிமிடம் ஆகும்படி எழுதுங்கள். மீதியைச் சிரிப்பும் காட்சி மாற்றமும் தின்றுவிடும். காட்சி மூன்றே போதும், இடம் எல்லாவற்றுக்கும் ஆசிரியர் அறைதான். பெஞ்சை நகர்த்த ஆரம்பித்தால் இருட்டு நீளும், கூட்டம் பேச ஆரம்பித்துவிடும்.

விடை சொல்லும் கட்டத்தை ஒருவரே நீளமாகப் பேசக் கூடாது. டீச்சர் பாதி வாக்கியத்தில் நிறுத்த, ஐயா முடிக்கட்டும். பியூன் புதுச் சங்கிலியில் மணியை மாட்டி, வீட்டுக்கு விடும் நீண்ட மணியை அடிக்கும்போது திரை விழட்டும். அந்த இடத்தில் மைக்கை அணைக்க ஆள் வையுங்கள். இரும்புச் சத்தம் ஸ்பீக்கரில் காதைக் கிழித்துவிடும்.