ஆகஸ்ட் 15 அன்று கடை திறந்தால்: சம்பளக் கணக்கில் நடக்கும் தவறுகள்

சுதந்திர தினம் முடிந்த கையோடு பேப்பரில் ஒரு துண்டுச் செய்தி வரும்: விடுமுறை விடாத கடைகள், ஓட்டல்கள் மீது தொழிலாளர் துறை நடவடிக்கை. கடையைத் திறந்ததே குற்றம் என்று பல முதலாளிகள் நினைத்துக்கொள்கிறார்கள். வேலை வாங்கிய விதத்தில்தான் பெரும்பாலும் தப்பு இருக்கும்.

தமிழ்நாட்டில் இதற்கென 1958-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று உண்டு. ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நான்கும் கட்டாயம். அதற்கு மேல் ஐந்து பண்டிகை நாட்கள். ஆக ஒன்பது. அரசு வருஷா வருஷம் வெளியிடும் நீளமான விடுமுறைப் பட்டியல் தனியார் பட்டறைக்கு அப்படியே பொருந்தாது. மே தினத்தை மறந்து மூன்றோடு நிறுத்துகிறவர்களும் இருக்கிறார்கள். 2025-இல் இன்னொரு குழப்பம்: விஜயதசமி அக்டோபர் 2 அன்றே வந்தது. அதை காந்தி ஜெயந்தி ஒன்று, பண்டிகை ஒன்று என எண்ணியிருந்தால் ஆட்களுக்குக் கிடைத்தது எட்டு நாள்தான்.

விடுமுறை அன்றைக்கு ஆள் வேண்டுமென்றால் குறைந்தது 24 மணி நேரம் முன்பே எழுத்தில் அறிவிப்புக் கொடுக்க வேண்டும். நகல் தொழிலாளர் துறை ஆய்வாளருக்குப் போக வேண்டும், கடையிலும் ஒட்ட வேண்டும். "நாளைக்கு வந்துடுப்பா" என்று வாய் வார்த்தையில் சொன்னது ஆய்வின்போது உதவாது.

அதிகம் சறுக்குவது சம்பளத்தில்தான். விடுமுறையில் வேலை பார்த்தவருக்கு இரட்டைச் சம்பளம்; இல்லையென்றால் அன்றைய சம்பளத்தோடு சம்பளமுள்ள மாற்று விடுப்பு. எது வேண்டும் என்று சொல்லும் உரிமை தொழிலாளிக்கு. நடைமுறையில் முதலாளியே முடிவு செய்து, "அப்புறம் ஒரு நாள் லீவு எடுத்துக்கோ" என்பார். அந்த 'அப்புறம்' பெரும்பாலும் வருவதே இல்லை.

தினக்கூலிக்காரர் வராத நாளுக்கு ஏன் காசு என்று கேட்பார்கள். கொடுக்கத்தான் வேண்டும், அதுதானே சம்பளத்துடன் கூடிய விடுமுறை! 600 ரூபாய் கூலிக்காரர் ஆகஸ்ட் 15 அன்று வீட்டில் இருந்தால் 600, வேலை பார்த்து இரட்டைச் சம்பளம் கேட்டால் 1,200. மாதச் சம்பளக்காரருக்கு ஒரு பங்கு ஏற்கெனவே சம்பளத்துக்குள் இருக்கிறது. இன்னொரு பங்கைச் சம்பளச் சீட்டில் தனி வரியாகக் காட்டுங்கள். கையில் ரொக்கமாகத் திணித்துவிட்டுப் பதிவேட்டில் எழுதாமல் விட்டால், கொடுத்த பணத்துக்கே சாட்சி இராது.

வாக்குப்பதிவு நாள் இந்த ஒன்பதில் சேராது. அது மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 135பி பிரிவில் வருகிறது. அந்தத் தேர்தலில் ஓட்டுள்ளவருக்கு, தினக்கூலிக்காரரானாலும், சம்பளம் பிடிக்காமல் விடுப்பு விட வேண்டும். அவர் இல்லாவிட்டால் ஆபத்தோ பெரும் நஷ்டமோ வரும் என்கிற வேலைக்கு மட்டும் விலக்கு. மீறினால் அபராதம் 500 ரூபாய் வரை என்பதால், அதைக் கட்டிவிட்டுப் போகலாம் என்று கணக்குப் போடும் முதலாளிகளும் உண்டு.