ஹைஸ்கூலிலேயே கல்லூரிப் பாடம்: சேர்வதற்கு முன் யோசிக்க வேண்டியவை

அமெரிக்காவில் ஹைஸ்கூல் பிள்ளைகள் பக்கத்துக் கம்யூனிட்டி காலேஜில் (இரண்டாண்டு உள்ளூர்க் கல்லூரி) ஓரிரு பாடம் எடுத்துப் படிப்பது இப்போது சர்வசாதாரணம். ஒரே பாடம் பள்ளிக் கணக்கிலும் சேரும், கல்லூரிப் பட்டத்துக்கான கிரெடிட்டாகவும் (பாடத்தின் அளவைக் குறிக்கும் அலகு) நிற்கும். பொதுப்பெயர் ட்யூயல் என்ரோல்மென்ட். மினசோட்டா 1985-லேயே பிஎஸ்இஓ என்ற பெயரில் தொடங்கிவிட்டது. வாஷிங்டனில் ரன்னிங் ஸ்டார்ட், ஒஹையோவில் காலேஜ் கிரெடிட் பிளஸ். பல மாநிலங்களில் டியூஷன் கட்டணமே கிடையாது. "சும்மாதானே கிடைக்கிறது, போட்டுவைப்போம்" என்று சேர்த்துவிடுகிறார்கள். சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது.

ஏபி பரீட்சையில் (ஹைஸ்கூலிலேயே எழுதும் கல்லூரித் தரப் பொதுத்தேர்வு, உச்ச மதிப்பெண் 5) 2 வாங்கினால் பெரும்பாலும் அந்த ஸ்கோரை யாருக்கும் அனுப்பாமல் விட்டுவிடலாம். கல்லூரிப் பாடத்தில் வாங்கிய சி கிரேடு அப்படி மறையாது. அந்தக் கல்லூரியின் டிரான்ஸ்கிரிப்டில், அதாவது மதிப்பெண் பதிவேட்டில், நிரந்தரமாக இருக்கும். பின்னாளில் மருத்துவப் படிப்புக்கு ஏஎம்சிஏஎஸ் என்ற பொது விண்ணப்பச் சேவை வழியாக விண்ணப்பிக்கும்போது, படித்த ஒவ்வொரு கல்லூரியின் டிரான்ஸ்கிரிப்டையும் கேட்பார்கள். ஹைஸ்கூல் காலத்தில் எடுத்த பாடமும் அதில் சேர்த்தி. சட்டப் படிப்புக்கும் இதே கதைதான். பதினாறு வயதில் விளையாட்டாக எடுத்த வேதியியல் பாடம் இருபத்தொரு வயதில் எதிரே வந்து நிற்கும். முதல் பாடத்தைப் பிள்ளையால் நன்றாகச் செய்ய முடிகிற பாடமாகத் தேர்ந்தெடுங்கள் என்று நான் சொல்வது இதனால்தான்.

பாதியில் விடுவதிலும் நிறையப் பேர் மாட்டிக்கொள்கிறார்கள். செமஸ்டரின் முதல் சில நாட்களுக்குள் விட்டால் டிரான்ஸ்கிரிப்டில் தடமே இருக்காது. அந்தத் தேதி தாண்டிவிட்டால் டபிள்யூ, அதாவது பாதியில் விலகியதற்கான குறி, விழும். அடுத்த தேதியும் தாண்டினால் என்ன கிரேடு வருகிறதோ அதுதான். வகுப்புக்குப் போகாமல் இருந்துவிட்டால் பெயர் தானாக நீங்கிவிடும் என்று நினைக்க வேண்டாம். பல இடங்களில் கடைசியில் எஃப்தான் வரும். பள்ளி என்றால் யாராவது வீட்டுக்குப் போன் செய்து "பிள்ளை ஏன் வரவில்லை" என்று கேட்பார்கள். கல்லூரியில் யாரும் கேட்க மாட்டார்கள். பள்ளி கவுன்சிலரிடம் சொன்னாலே போதாது, பெரும்பாலும் கல்லூரியிலும் மாணவரே முறைப்படி விலக வேண்டும். ஒஹையோவில் பாடத்தில் தோற்றால் பள்ளி மாவட்டம் தான் கட்டிய பணத்தைக் குடும்பத்திடம் திருப்பிக் கேட்கவும் விதி இருக்கிறது. இன்னொன்று: அந்தப் பாடம் பன்னிரண்டாம் வகுப்பு ஆங்கிலத்துக்குப் பதிலாக எடுத்ததாக இருந்தால், விலகும்போது ஹைஸ்கூல் டிப்ளமோவே இடறும்.

அடுத்தது, "இந்த கிரெடிட் எங்கே போனாலும் செல்லும்" என்ற நம்பிக்கை. அதே மாநிலத்தின் அரசுப் பல்கலைக்கழகங்களில் பெரும்பாலும் செல்லும். இடம் கிடைப்பதே அரிதான தனியார் பல்கலைக்கழகங்களில் பல, ஹைஸ்கூல் டிப்ளமோவுக்குக் கணக்கில் எடுத்த பாடத்துக்கு கிரெடிட் தருவதில்லை. ஏற்றுக்கொள்கிறோம் என்று சொல்லும் இடத்திலும் இன்னொரு கேள்வி கேட்க வேண்டும்: எந்தக் கணக்கில்? பட்டத்துக்குக் கட்டாயமான பாடத்துக்கு ஈடாகவா, வெறும் விருப்பப் பாடமாகவா? இரண்டாவது என்றால், அதே பாடத்தை அங்கே மறுபடி படிக்க வேண்டி வரலாம். கலிஃபோர்னியாவில் இருப்பவர்களுக்கு அசிஸ்ட் என்ற இணையதளம் இருக்கிறது. எந்தக் கம்யூனிட்டி காலேஜ் பாடம் மாநிலத்தின் அரசுப் பல்கலைக்கழகங்களான யூசி, சிஎஸ்யூவில் எந்தப் பாடத்துக்கு ஈடு என்று அதிலேயே பார்த்துக்கொள்ளலாம். மற்றவர்கள் பிள்ளை சேர வாய்ப்புள்ள நாலைந்து பல்கலைக்கழகங்களின் இணையதளத்தில் கிரெடிட் டிரான்ஸ்ஃபர் பற்றிய பக்கத்தைப் பாடத்தில் சேர்வதற்கு முன்பே பார்த்துவிடுவது நல்லது.

சிலபஸைப் பத்திரப்படுத்துங்கள். வாரவாரியான தலைப்புகள், பாடநூலின் பெயர், மதிப்பெண் பிரிக்கும் விதம் எல்லாம் அதில்தான் இருக்கும். இரண்டு வருடம் கழித்து ஏதோ ஒரு துறை "இந்தப் பாடத்தில் என்ன படித்தாய்?" என்று கேட்கும்போது கையில் அதுதான் ஆதாரம். அப்புறம், பள்ளி டிரான்ஸ்கிரிப்டில் அந்த கிரேடு தெரிகிறது என்பதால் கல்லூரியின் டிரான்ஸ்கிரிப்டைச் சேரப்போகும் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பாமல் விடுகிறவர்களும் உண்டு. கல்லூரி அதைத் தானாக அனுப்பாது, நீங்கள்தான் கேட்டு அனுப்பவைக்க வேண்டும்.

எந்தப் பாடம் எடுக்கலாம் என்பதில் நம் வீடுகளில் ஓர் அவசரம் உண்டு. பிள்ளை எஞ்சினியரிங் போகப்போகிறான் என்றால் கால்குலஸ் ஒன்று, இரண்டு, இயற்பியல் எல்லாவற்றையும் இப்போதே முடித்துவிட வேண்டும் என்ற வேகம். அடித்தளம் உறுதியாக இருந்தால் சரி. இல்லையென்றால், பல்கலைக்கழகத்தின் முதல் செமஸ்டரிலேயே கால்குலஸ் மூன்றில் உட்கார்ந்து திணற வேண்டியதுதான். மருத்துவம் நினைப்பவர்களுக்குக் கூடுதல் கவனம் வேண்டும்: சில மருத்துவக் கல்லூரிகள் அறிவியல் பாடங்களை நான்காண்டுப் பல்கலைக்கழகத்தில் படித்திருப்பதையே விரும்புகின்றன. என்னைக் கேட்டால் ஆங்கிலக் கட்டுரை எழுத்து, அமெரிக்க வரலாறு, உளவியல், புள்ளியியல் மாதிரியானவற்றில் தொடங்குவேன்.

நேரக் கணக்கைக் குறைத்துப் போடாதீர்கள். ஒரு கிரெடிட்டுக்கு வாரம் ஒரு மணி நேரம் வகுப்பு, இரண்டு மணி நேரம் வெளியே படிப்பு, இது சுமார் 15 வாரங்களுக்கு என்பதுதான் பொது அளவு. மூன்று கிரெடிட் பாடம் என்றால் வாரம் ஒன்பது மணி நேரம் போய்விடும். கோடையில் "லீவுதானே" என்று எடுத்தால், அதே பாடம் ஆறு வாரத்துக்குள் அடைக்கப்படும். வாரத்துக்கு இருபது மணி நேரத்துக்கு மேல் போகும். நாட்காட்டியும் ஒத்துப்போகாது. பள்ளிக்கு ஸ்பிரிங் பிரேக் விட்டிருக்கும் வாரத்தில் கல்லூரியில் மிட்டெர்ம் தேர்வு நடக்கும். ஏபி பரீட்சைகள் மே மாதத்தின் முதல் இரு வாரங்களில் வரும். கல்லூரி ஃபைனல்ஸும் பல இடங்களில் அதை ஒட்டியே வரும்.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. புரொஃபசருக்கு மின்னஞ்சல் எழுதி "என் மகள் ஏன் பி வாங்கினாள்?" என்று கேட்காதீர்கள். மாணவர் பதிவுகளின் அந்தரங்கத்தைக் காக்கும் 1974-ஆம் ஆண்டின் ஃபெர்ப்பா சட்டப்படி, கல்லூரியில் சேர்ந்த மாணவரின் கல்லூரிப் பதிவுகள் மீதான உரிமை, வயது பதினெட்டு ஆகாவிட்டாலும், மாணவருடையதே. விதிவிலக்குகள் உண்டு, ஆனாலும் பேச மறுப்பவர்களே அதிகம். பள்ளியில் ஐஇபி (சிறப்புத் தேவையுள்ள பிள்ளைக்கான தனிக் கல்வித் திட்டம்) இருக்கும் பிள்ளைகளுக்கு அந்தச் சலுகைகள் தாமாகக் கல்லூரிக்கு வராது. அங்குள்ள மாற்றுத்திறனாளி உதவி அலுவலகத்தில் மாணவரே தனியாகப் பதிய வேண்டும்.

நிதியுதவி விஷயமும் பலருக்குத் தெரிவதில்லை. பின்னர் அதே கல்லூரியில் முழுநேரமாகச் சேர்ந்தால், உதவித்தொகை தொடர்வதற்கு எடுத்த கிரெடிட்டுகளில் சுமார் 67 சதவீதம் முடித்திருக்க வேண்டும் என்று பொதுவாக எதிர்பார்ப்பார்கள். ஹைஸ்கூலில் எடுத்ததும் இந்தக் கணக்கில் வரும். 12 கிரெடிட் எடுத்து 6-ல் டபிள்யூ வாங்கியவர், சேரும் நாளன்றே 50 சதவீதத்தில் நிற்கிறார்.

கடைசியாக, 60 கிரெடிட் சேர்த்துவிட்டால் இரண்டே வருடத்தில் பட்டம் என்ற கணக்கு. எஞ்சினியரிங்கில் ஒரு பாடத்தை முடித்தால்தான் அடுத்ததை எடுக்க முடியும் என்ற வரிசை நீளமானது, அதனால் நான்கு வருடம் பெரிதாகக் குறையாது. மிச்சமாவது பொதுப் பாடங்களின் பளுதான். அந்த இடத்தில் இரட்டைப் பட்டமோ இன்டர்ன்ஷிப்போ நுழைய முடியும்.