கும்பினி வரலாறு எழுதும்போது சறுக்கும் இடங்கள்

"1613-ல் ஆங்கிலேயர் சூரத்தில் தொழிற்சாலை அமைத்தனர்." நானும் பள்ளிப் பரீட்சையில் இப்படி எழுதி முழு மதிப்பெண் வாங்கியவன்தான். ஆனால் அங்கே எதுவும் உற்பத்தியாகவில்லை. அந்தக் கால ஆங்கிலத்தில் 'ஃபேக்டர்' என்றால் வணிக முகவர். அவர் தங்கி, சரக்கு வாங்கி அடுக்கி, கப்பலுக்குக் காத்திருந்த இடம் 'ஃபேக்டரி'. பண்டகசாலை என்றால் பொருந்தும். துணியை நெசவாளர்கள் தங்கள் சொந்தத் தறியில்தான் நெய்தார்கள். கும்பினி, அதாவது ஆங்கிலேயரின் கிழக்கிந்தியக் கம்பெனி, தரகர் மூலம் முன்பணம் கொடுத்து வாங்கியது. தொழிற்சாலை என்று எழுதிவிட்டால் அந்தத் தறிக்காரர்களுக்குக் கதையில் இடமே இல்லாமல் போகிறது.

அடுத்தது, வந்த நாளிலிருந்தே ஆண்டார்கள் என்ற நினைப்பு. 1639-ல் கும்பினி முகவர் பிரான்சிஸ் டே சென்னையில் இடம் பெற்றது, அந்தப் பகுதியை ஆண்ட தாமர்ல வெங்கடாத்ரி நாயக்கரின் அனுமதியோடு. அப்புறம் ஊர் கோல்கொண்டா சுல்தான் வசம் போனதும், 1672-ல் ஆண்டுக்கு 1200 வராகன் குத்தகை என்று பேசி முடித்தார்கள். கோட்டை என்னவோ சொந்தம், குடியிருந்தது வாடகைக்கு! (இதை ரூபாயாக்கி எழுத வேண்டாம். அன்றைய மதராஸ் கணக்கு வராகன், பணம், காசு என்ற நாணயங்களில்தான் ஓடியது.) வங்காளத்தில் திவானி, அதாவது வரி வசூலிக்கும் உரிமை, கைக்கு வந்தது 1765-ல். 1600-ல் கும்பினி தொடங்க இங்கிலாந்து அரசியிடம் சாசனம் வாங்கி ஏறக்குறைய 165 ஆண்டு கழித்து.

கும்பினியையும் பிரிட்டிஷ் அரசையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புவதும் சகஜம். 1799-ல் கட்டபொம்மனைக் கயத்தாறில் தூக்கிலிட்டது, பங்குதாரர்களுக்கு லாபம் பிரித்துக் கொடுத்துக்கொண்டிருந்த ஒரு வணிக நிறுவனம். பாளையக்காரர்களிடம் கப்பம் வசூலிக்கும் உரிமையை 1792-ல் ஆற்காட்டு நவாபிடமிருந்து அது ஒப்பந்தம் போட்டு வாங்கியிருந்தது. அதற்காக அரசுக்குச் சம்பந்தமே இல்லை என்று எழுதினால் அதுவும் தப்பு: 1773, 1784 சட்டங்கள் மூலம் லண்டன் நாடாளுமன்றம் கடிவாளம் போட்டு வைத்திருந்தது.

வெறுமனே 'கிழக்கிந்தியக் கம்பெனி' என்றால் எந்தக் கம்பெனி? பழவேற்காட்டில் டச்சுக்காரர், தரங்கம்பாடியில் டேனிஷ்காரர், புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர். நாட்குறிப்பு எழுதிய ஆனந்தரங்கப் பிள்ளை துபாஷியாக (மொழிபெயர்ப்பாளரும் தரகருமாக) இருந்தது பிரெஞ்சுக் கும்பினியில்.

கடைசியாக, 1858-ல் கும்பினி மூடப்பட்டது என்பார்கள். அந்த வருஷம் போனது ஆட்சி மட்டும். வியாபாரம் 1833-ம் வருஷச் சட்டத்தோடு முடிந்திருந்தது. கும்பினி முறைப்படி கலைக்கப்பட்டது 1874 ஜூன் 1-ல். அதுவரை பங்குதாரர்களுக்குப் பணம் போய்க்கொண்டிருந்தது.